சர்க்கஸ் கூடாரத்தின் சிரிப்புக் கதைகள்

காட்சிக்கு வைத்திருந்த புலி ஒன்று கூண்டிலிருந்து தப்பித்து, சிங்கப்பூரின் புகழ்பெற்ற விடுதிக்குள் நுழைந்து, பில்லியர்ட்ஸ் மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டதாம். அதைச் சுட வந்தவர் ஒரு பள்ளித் தலைமையாசிரியராம். அவர் அப்போது அணிந்திருந்தது இரவு உடையாம். இந்தக் கதை நூறாண்டுக்கும் மேலாகச் சொல்லப்பட்டு வருகிறது. கேட்டவுடன் சிரிப்பு வருகிறது. ஆனால், இதில் நடந்தது எவ்வளவு? சொல்பவர்கள் சேர்த்தது எவ்வளவு? ஊர் ஊராகச் சுற்றிய சர்க்கஸைப் பற்றி மட்டும் ஏன் இத்தனை வேடிக்கைக் கதைகள் பிறந்தன? இவற்றுக்கு விடை காண, முதலில் அக்காலச் சர்க்கஸ் எப்படி இயங்கியது என்பதை அறிந்துகொள்வோம்.

ஊருக்குள் வந்த கூடாரம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவுக்கு வந்த சர்க்கஸ் குழுக்கள் கப்பலையும் இரயிலையும் நம்பியே பயணம் செய்தன. 1886ஆம் ஆண்டு கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடாவையும் இணைக்கும் இரயில் பாதை திறக்கப்பட்டது. 1890இல் அது கிள்ளான் நகரை எட்டியது. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று நாம் கிள்ளான் துறைமுகம் என்று அழைப்பது அதைத்தான். கப்பலில் வரும் பயணிகளும் சரக்கும் இங்கிருந்து இரயிலேறிக் கோலாலம்பூரை அடைய வழி பிறந்தது. இரயில்வே ஊழியர்களாகப் பெருந்திரளான தமிழர்கள் வாழ்ந்த பிரிக்பீல்ட்ஸ் இந்தப் பாதையின் ஓரத்திலேயே வளர்ந்த ஊர்.

இங்கிலாந்திலிருந்து வந்த ஹார்ம்ஸ்டன் சர்க்கஸ், தென்கிழக்காசிய நகரங்களைப் பல பத்தாண்டுகள் சுற்றி வந்தது. பினாங்கு, கோலாலம்பூர், சிங்கப்பூர் ஆகிய ஊர்களின் மக்களுக்கு அது நன்கு அறிமுகமான பெயர். இந்தியாவிலிருந்தும் குழுக்கள் வந்தன. வங்காளத்தைச் சேர்ந்த பிரியநாத் போஸின் குழு அவற்றுள் ஒன்று.

சர்க்கஸ் வருவதற்குச் சில நாள்களுக்கு முன்னரே அதன் முன்னோடி ஆள் ஊருக்கு வந்துவிடுவார். திடலுக்கு அனுமதி வாங்குவது, குதிரைகளுக்குப் புல்லும் புலிகளுக்கு இறைச்சியும் ஏற்பாடு செய்வது, சுவர்களில் விளம்பரத் தாள் ஒட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. பிறகு கூடாரமும் விலங்குகளும் மனிதர்களும் வந்து சேர்வார்கள். காலையில் வெறுந்திடலாக இருந்த இடத்தில் மாலைக்குள் ஒரு நகரமே எழுந்து நிற்கும். கூடாரத்தின் பெருங்கம்பங்களை நிமிர்த்த யானைகளும் சேர்ந்து இழுக்கும். மாலையில் பொன்வண்ணத் துணி போர்த்திக்கொண்டு மேடைக்கு வரும் யானை, பகலில் கூலியாளாகவும் வேலை செய்தது!

நம் நாட்டு மழையும் சர்க்கஸ்காரர்களுக்குச் சோதனையாக இருந்தது. அக்காலக் கூடாரம் பருத்தித் துணியாலானது, கயிறு நாராலானது. துணி நனைந்தால் பாரம் பல மடங்கு கூடும். நார்க்கயிறோ நனைந்தால் சுருங்கி விறைக்கும். அப்படியே விட்டால் முளைகள் மண்ணிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். இல்லையெனில் துணி கிழியும். ஆகவே, இடி இடித்து மழை கொட்டும் நள்ளிரவிலும் ஆள்கள் எழுந்தோடி, ஒவ்வொரு கயிறாகத் தளர்த்திவிட வேண்டும். மழை நின்று கயிறு காய்ந்ததும் மீண்டும் இறுக்கிக் கட்ட வேண்டும். காட்சியின்போது மழை பிடித்துக்கொண்டால், வெளியே இந்தப் போராட்டம் நடப்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியக்கூடாது. அந்த நேரத்தில் அரங்கத்துக்குள் ஓடி வருபவர்தான் கோமாளி.

கோமாளியின் வேலை

கோமாளி சிரிக்க வைப்பவர் என்று மட்டும் நாம் நினைக்கிறோம். சர்க்கஸ்காரர்களுக்கு அவர் ஒரு முக்கியமான வேலையாள். ஒரு வித்தை முடிந்து அடுத்த வித்தை தொடங்குவதற்குள் வலையைக் கட்ட வேண்டும். கூண்டை இழுத்து வர வேண்டும். கம்பிகளைச் சோதிக்க வேண்டும். அதற்கெல்லாம் நேரம் தேவை. அந்த நேரத்தில் மக்களின் கண்களைத் தம் பக்கம் இழுத்து வைத்திருப்பது கோமாளியின் கடமை. ஊஞ்சலிலிருந்து ஒருவர் தவறி விழுந்தாலோ, விலங்கு ஒன்று முரண்டு பிடித்தாலோ, மக்கள் அஞ்சி எழுந்து ஓடாதபடி பார்த்துக்கொள்வதும் அவர்தான்.

அமெரிக்க சர்க்கஸ் குழுக்களில் இதற்கு இன்னொரு வழியும் இருந்தது. ஆபத்து நேர்ந்தால் வாத்தியக் குழுவினர் ஒரு குறிப்பிட்ட அணிவகுப்பு இசையை வாசிப்பார்கள். மக்களின் காதில் அது உற்சாகமான இசை. ஊழியர்களின் காதிலோ, "ஏதோ விபரீதம் நடந்துவிட்டது, மக்களை அமைதியாக வெளியேற்றுங்கள்" என்ற கட்டளை.

நம் தெருக்கூத்தில் வரும் கட்டியங்காரனை எண்ணிப் பாருங்கள். அரசன் வேடம் கட்டி முடிக்கும்வரை அவன்தான் மேடையைத் தாங்கி நிற்பான், கதையை அறிமுகப்படுத்துவான், கேலி பேசுவான். பிற்காலத் தமிழ் நாடக மேடையில் அந்த இடத்தைப் 'பபூன்' பிடித்துக்கொண்டார். வெளிநாட்டிலிருந்து வந்த சர்க்கஸ் கோமாளியைத் தமிழர்கள் எளிதில் புரிந்துகொண்டதில் வியப்பில்லை. பெயர்தான் புதிது, ஆள் பழையவர்.

கோமாளியின் வரலாறும் வேடிக்கையானது. குதிரை வீரராக இருந்த பிலிப் ஆஸ்ட்லி என்பவர் 1768ஆம் ஆண்டு இலண்டனில் குதிரைச் சாகசக் காட்சிகளை நடத்தத் தொடங்கினார். வட்டமாக ஓடும் குதிரையின் முதுகில் நிற்பது நேராக ஓடும் குதிரையின் முதுகில் நிற்பதைவிட எளிது. வட்டத்தில் ஓடும்போது வீரர் உட்பக்கமாகச் சாய்ந்து நிலைகொள்ள முடியும். பல சோதனைகளுக்குப் பிறகு அந்த வட்டத்தின் குறுக்களவு 42 அடி என்று நிலைபெற்றது. ஏறக்குறைய 13 மீட்டர் ஆகும் அந்த அளவு, இன்றும் சர்க்கஸ் அரங்கின் அளவாக இருக்கிறது.

ஆஸ்ட்லியின் காட்சிகளில் மக்கள் மிகவும் இரசித்தது ஒரு தையற்காரரின் கதை. தையற்காரர் அவசரமாக வெளியூர் போக வேண்டும். குதிரையில் ஏற அவருக்குத் தெரியாது. தட்டுத்தடுமாறி ஏறினால் குதிரை நகர மறுக்கிறது. கெஞ்சினாலும் அதட்டினாலும் நிற்கிறது. சலித்துப்போன நேரத்தில் திடீரென்று பாய்ந்து ஓடி அவரைக் கீழே தள்ளுகிறது. கடைசியில் குதிரை தையற்காரரைத் துரத்த, அவர் அரங்கைச் சுற்றி ஓடுகிறார்!

இந்த வேடத்தைப் போட்டவர் உண்மையில் மிகத் திறமையான குதிரைவீரர். எலும்பு முறியாமல் விழத் தெரிந்தவர்தான் விழுவதுபோல் நடிக்க முடியும். 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது நம் பழமொழி. கோமாளியோ நன்றாக ஆடத் தெரிந்தும், தெரியாதவர்போல் கூடத்தின்மீது குறை சொல்லுபவர். அதனால்தான் பல குழுக்களில் அனுபவம் மிக்க வித்தைக்காரர்களே கோமாளி வேடம் கட்டினார்கள்.

தவறுதலாகப் பிறந்த கோமாளியின் கதையும் உண்டு. ஜெர்மனியின் பெர்லின் நகரில், ரென்ஸ் சர்க்கஸில் டாம் பெல்லிங் என்ற வித்தைக்காரர் இருந்தார். பொழுதுபோக்காக, தமக்குப் பொருந்தாத பெரிய கோட்டைத் திருப்பி மாட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் விளையாடிக்கொண்டிருந்தாராம். முதலாளி வருவதைக் கண்டு பயந்து ஓடியவர், வழி தவறி நேராக அரங்கத்துக்குள் விழுந்தாராம். மக்கள் விழுந்து விழுந்து சிரித்து, "ஆகஸ்ட்! ஆகஸ்ட்!" என்று கூவினார்களாம். அசடனைக் குறிக்க அவ்வூர்ப் பேச்சுவழக்கில் அந்தப் பெயர் வழங்கியது. பெரிய கோட்டும் தடுமாறும் நடையும் கொண்ட கோமாளிக்கு இன்றும் 'ஆகஸ்ட்' என்றே பெயர். இக்கதையைச் சர்க்கஸ்காரர்கள் பலவிதமாகச் சொல்கிறார்கள். எல்லாக் கதைகளும் சொல்லும் கருத்து ஒன்றுதான்: நேர்ந்த தவற்றைச் சிரிப்பாக மாற்றத் தெரிந்தவனுக்குச் சர்க்கஸில் இடம் உண்டு.

பணிய மறுத்த யானை

சர்க்கஸ்காரர்கள் தவற்றைச் சிரிப்பாக மட்டுமன்று, பணமாகவும் மாற்றினார்கள். 1882ஆம் ஆண்டு, இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் இருந்த ஜம்போ என்ற பேருருவ யானையை அமெரிக்க சர்க்கஸ் உரிமையாளர் பி. டி. பார்னம் 2,000 பவுண்டுக்கு வாங்கினார். ஜம்போவுக்கோ ஊரைவிட்டுப் போக மனமில்லை. பயணத்துக்கான பெட்டிக்குள் நுழைய மறுத்தது. தெருவில் நடத்திச் செல்ல முயன்றபோது நடுவழியில் படுத்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஜம்போவை அனுப்ப வேண்டாம் என்று கடிதம் எழுதினார்கள். கையைப் பிசைந்துகொண்டு நின்ற ஆள்கள் பார்னத்திடம் யோசனை கேட்டார்கள். எத்தனை நாள் வேண்டுமானாலும் படுத்திருக்கட்டும், இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது என்பதே அவர் பதிலாக இருந்ததாம்.

அவர் கணக்கு தவறவில்லை. ஜம்போ அமெரிக்காவில் இறங்குவதற்கு முன்பே அதன் புகழ் அங்கே இறங்கிவிட்டது. 'ஜம்போ' என்ற பெயரே 'மிகப் பெரியது' என்ற பொருள் தரும் சொல்லாயிற்று. பெரிய விமானத்தை 'ஜம்போ ஜெட்' என்று நாம் சொல்வது அந்த யானையின் நினைவாகத்தான். ஆனால், இக்கதையைச் சிரித்துச் சொல்பவர்கள் அதன் முடிவைச் சொல்வதில்லை. 1885இல் கனடாவில் சர்க்கஸ் பயணத்தின்போது இரயில் மோதி ஜம்போ இறந்துபோனது.

பந்தயத்தில் பிறந்த குழு

இந்தியாவின் முதல் சர்க்கஸ் பிறந்த கதையும் சுவையானது. 1879ஆம் ஆண்டு, இத்தாலியரான கியாரினி தம் சர்க்கஸ் குழுவுடன் பம்பாய்க்கு வந்தார். இந்தியர்களால் இப்படியொரு சர்க்கஸை நடத்த முடியாது என்று அவர் பெருமையாகப் பேசினாராம். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் விஷ்ணுபந்த் சத்ரே. குறுந்த்வாட் சமஸ்தானத்தில் குதிரைகளைப் பழக்குபவராக இருந்தவர் அவர். "நான் நடத்திக் காட்டுகிறேன்" என்று அறைகூவலை ஏற்றார். 1880 மார்ச் 20ஆம் நாள் அவருடைய 'கிரேட் இந்தியன் சர்க்கஸ்' தன் முதல் காட்சியை நடத்தியது. வாய்ப்பேச்சில் தொடங்கியது வரலாறாக முடிந்தது.

சத்ரேயின் குழு தென்னிந்தியாவுக்கு வந்தபோது, கேரளத்தின் தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்ற களரி ஆசிரியரைச் சந்தித்தது. களரிப் பயிற்சி பெற்ற இளைஞர்களின் உடல் வளைவையும் துணிவையும் சர்க்கஸுக்குப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் அந்தச் சந்திப்பில் உருவாயிற்று. 1901இல் குஞ்ஞிக்கண்ணன் சிறக்கரையில் சர்க்கஸ் பயிற்சிப் பள்ளியொன்றைத் தொடங்கினார். அதன் பிறகு இந்தியச் சர்க்கஸில் தலச்சேரிக்காரர் இல்லாத கூடாரத்தைக் காண்பதே அரிதாயிற்று. 1948இல் வெளிவந்த 'சந்திரலேகா' தமிழ்த் திரைப்படத்தின் சர்க்கஸ் காட்சிகளுக்கும் உண்மையான சர்க்கஸ் குழுக்களின் உதவியே தேவைப்பட்டது.

புலியும் தலைமையாசிரியரும்

இப்போது புலிக் கதைக்கு வருவோம். 1902ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், சிங்கப்பூர் கடற்கரைச் சாலையில், ராபிள்ஸ் விடுதிக்கு அருகில் ஊர்சுற்றும் விலங்குக் காட்சி ஒன்று நடந்தது. அதிலிருந்து ஒரு புலி தப்பியது. விடுதியின் பில்லியர்ட்ஸ் கூடம் தரையிலிருந்து உயர்த்தி, செங்கல் தூண்களின்மேல் கட்டப்பட்டிருந்தது. மிரண்டுபோன புலி, அந்தத் தூண்களுக்கிடையே, கூடத்தின் தரைக்கு அடியில் போய்ப் பதுங்கியது.

விடியற்காலையில் புலியைக் கண்ட விடுதி ஊழியர் அலறினார். குறிபார்த்துச் சுடுவதில் பெயர் பெற்ற ஒருவர் பக்கத்திலேயே இருக்கிறார் என்பது நினைவுக்கு வந்தது. அவர்தான் ராபிள்ஸ் கல்வி நிலையத்தின் தலைமையாசிரியர் சார்ல்ஸ் பிலிப்ஸ். முதல்நாள் இரவு ஆளுநர் மாளிகையில் நடந்த விருந்துக்குப் போய்விட்டு வந்து உறங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பினார்கள். அவர் இரவு உடையிலேயே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்ததாகச் சொல்வார்கள். குனிந்து இருட்டுக்குள் பார்த்தார். முதலில் சுட்ட குண்டுகள் புலியின்மேல் படவில்லை, தூண்கள்தாம் காயம்பட்டன. புலியின் கண்கள் இருட்டில் மின்னிய பிறகுதான் அவருடைய குறி தப்பாமல் பாய்ந்தது.

இது நடந்த கதை. காலப்போக்கில் இதற்குக் கைகால் முளைத்தது. 'பில்லியர்ட்ஸ் கூடத்துக்கு அடியில்' என்பது 'பில்லியர்ட்ஸ் மேசைக்கு அடியில்' என்று மாறிற்று. ஒரே ஒரு சொல் மாறியதும் கதையின் படமே மாறிவிட்டதைக் கவனியுங்கள். கட்டடத்துக்கு வெளியே, இருட்டில் ஒடுங்கிக் கிடந்த விலங்கு, இப்போது விளக்கு எரியும் அறைக்குள், கனவான்கள் பந்தாடும் மேசைக்கடியில் வந்து படுத்துவிட்டது! வேறு சிலர், அதுதான் சிங்கப்பூரில் சுடப்பட்ட கடைசிப் புலி என்றும் சேர்த்துக்கொண்டார்கள். உண்மையில் அது காட்டுப் புலியே அன்று, கூண்டுப் புலி. சிங்கப்பூரின் கடைசிக் காட்டுப் புலி 1930இல் சுவா சூ காங் பகுதியில் சுடப்பட்டது.

சர்க்கஸ் கதைகள் இப்படித்தான் வளர்கின்றன. ஓர் ஊரில் நடந்ததை அடுத்த ஊரில் சொல்லும்போது, கேட்பவர்கள் சரிபார்க்க வழியில்லை. சொல்பவர் ஒரு பிடி உப்புக் கூடுதலாகப் போடுகிறார். கூடாரம் நகர நகரக் கதையும் நகர்கிறது, நகரும்தோறும் பெருக்கிறது.

சிரிப்புக்குப் பின்னால்

புலிக் கதையை மீண்டும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். தலைமையாசிரியரின் உடை சிரிப்பூட்டுகிறது. ஆனால், புலி எதற்காக அங்கே போயிற்று? பழக்கமில்லாத நகரத்தில், மனிதக் கூச்சலுக்கு அஞ்சி, ஒளிந்துகொள்ள ஒரு நிழல் தேடிப் போயிற்று. அதன் பக்கமிருந்து பார்த்தால் அது நகைச்சுவைக் கதை அன்று.

மனிதர்களுக்கும் அப்படித்தான். பிரியநாத் போஸின் குழுவில் சுசீலா சுந்தரி என்ற பெண் இருந்தார். பெண்கள் மேடையேறுவதே அரிதாக இருந்த காலத்தில், கையில் ஆயுதமின்றிப் புலிக் கூண்டுக்குள் நுழைந்து புலிகளோடு விளையாடிக் காட்டியவர் அவர். மக்கள் கைதட்டி ஆரவாரம் செய்தார்கள். ஆனால், பின்னாளில் ஒரு புலி தாக்கியதில் அவர் படுகாயமுற்றார். அவருடைய சர்க்கஸ் வாழ்வு அத்துடன் முடிந்தது. ஊஞ்சலில் பறந்த சிறுவர் சிறுமியர் பலர் வறுமையின் காரணமாகச் சிறுவயதிலேயே கூடாரத்துக்கு வந்தவர்கள். பள்ளிக்கூடம் என்றால் என்னவென்று அறியாமலே அவர்கள் வளர்ந்தார்கள்.

இதை உலகம் மெல்ல மெல்ல உணர்ந்தது. புலி, சிங்கம், கரடி, சிறுத்தை, குரங்கு ஆகிய விலங்குகளை வித்தைக்குப் பயன்படுத்த இந்திய அரசு 1998இல் தடை விதித்தது. நீதிமன்றங்களும் அதனை உறுதிசெய்தன. 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம், சிறுவர்களைச் சர்க்கஸில் வேலைக்கு அமர்த்தக்கூடாது என்று தீர்ப்பளித்தது. மலேசியாவிலும் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று உலகின் பல குழுக்கள் விலங்குகளே இல்லாமல், மனிதர்களின் திறமையை மட்டும் நம்பிக் காட்சிகளை நடத்துகின்றன. கோமாளி மட்டும் பல குழுக்களில் இன்னும் இருக்கிறார். அவரைத் தடைசெய்ய யாருக்கும் தோன்றவில்லை, தோன்றவும் வேண்டாம்.

அப்படியானால் பழைய சர்க்கஸ் கதைகளைக் கேட்டுச் சிரிக்கலாமா? தாராளமாகச் சிரிக்கலாம். இக்கதைகளை முதலில் சொல்லிச் சிரித்தவர்கள் அந்தக் கூடாரவாசிகளே. மழையில் நனைந்து கயிறு தளர்த்தியவர்கள், விழுந்து எழுந்தவர்கள், அடுத்த ஊருக்குச் செல்லும் இரயிலில் தங்கள் களைப்பைச் சிரித்துத்தான் தீர்த்துக்கொண்டார்கள். ஆனால், சிரித்து முடித்த பிறகு மூன்று கேள்விகள் கேட்டுப் பழகுவோம். இதில் எது நடந்தது? எது பிறகு சேர்ந்தது? சிரிப்புக்குரிய அந்த நிகழ்ச்சியில் யாருக்கு வலித்தது?

விளம்பரத் தாள்களில் உரிமையாளர்களின் பெயர்களும் புகழ்பெற்ற வித்தைக்காரர்களின் பெயர்களும் பெரிய எழுத்தில் இடம்பெற்றன. முளை அடித்தவர்களின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாரேனும் சர்க்கஸ் பார்த்த கதையைச் சொன்னால், அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அவர்கள் கண்ணால் கண்டதை ஒரு பக்கமும், பிறர் சொல்லக் கேட்டதை மறுபக்கமும் எழுதுங்கள். இரண்டுமே சுவையாக இருக்கும். ஆனால், இரண்டும் வேறு வேறு என்று தெரிந்து எழுதியவர் ஒரு நல்ல வரலாற்று மாணவராகிவிடுவார்.